தொட்டி வளைவு, பங்க் வளைவு

பிப்ரவரி 9

நகராட்சி சாலைப் பாதுகாப்புப் பிரிவின் உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பிரிவின் ஆண்டறிக்கை கிடைத்தது. அனுப்பியவர் தாங்கள் அல்ல. இணையதளத்திலிருந்து நானே இறக்கி, கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுக்கொண்டேன். அட்டையில் ஒரு பெரிய பூஜ்யம். அதன் கீழே 'அபாய இடங்கள் இல்லாத நகரம்' என்ற வாசகம். பூஜ்யத்தின் நடுவே பள்ளிக் குழந்தைகள் சிரித்தபடி சாலையைக் கடக்கிறார்கள். படம் நன்றாக வந்திருக்கிறது.

உள்ளே நான் தேடியது ஒருத்தியை மட்டும். என் மனைவியும் தங்கள் அக்காளுமானவளை. பெயராக இருக்கமாட்டாள், எண்ணாகத்தான் இருப்பாள் என்று அறிவேன். சென்ற ஆகஸ்டில், நகருக்கு வெளியே உள்ள வெல்டிங் பட்டறைக்குப் போய்த் தொழிலாளர்களுக்கு மூக்குக் கண்ணாடிகளைக் கொடுத்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பும்போது தொட்டி வளைவில் லாரி மோதி இறந்தாள். ஆகவே 'தொட்டி வளைவு' என்ற வரிக்குப் போனேன். இறப்பு நான்கு. பின்னிணைப்பில் மாதவாரியாகவும் பிரித்திருக்கிறீர்கள்: ஜனவரி, ஏப்ரல், ஜூன், நவம்பர். ஆகஸ்டு இல்லை. ஓர் அரசு ஆவணத்தின்படி என் மனைவி இறக்கவில்லை. அதை நம்புவதற்கு நான் எவ்வளவு ஆயத்தமாக இருந்தேன் என்பதைத் தங்களிடம் சொல்லப்போவதில்லை.

இரண்டு பக்கம் தள்ளி 'பங்க் வளைவு' என்றொரு வரி. இறப்பு மூன்று. அதில் ஒன்று ஆகஸ்டு.

தாங்கள் பிறந்து வளர்ந்த ஊரைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது. நகரத்திலிருந்து போகிறவர் கண்ணில் முதலில் தண்ணீர்த் தொட்டி படும். அவருக்கு அது தொட்டி வளைவு. வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் பெட்ரோல் பங்க் படும். அவருக்கு அது பங்க் வளைவு. வளைவு ஒன்று. அவள் அன்று வந்துகொண்டிருந்தாள், அதனால் பங்க் வளைவில் இறந்தாள். போய்க்கொண்டிருந்தால் தொட்டி வளைவில் இறந்திருப்பாள்.

ஓராண்டில் ஐவர் இறந்தால் அது அபாய இடம் என்பது விதி. நான்கும் மூன்றும் ஐந்தைத் தாண்டும் என்பதை நிறுவப் பௌதிகப் பேராசிரியன் தேவையில்லை. அபாய இடம் என்று அறிவித்தால்தான் சாலை ஆணையம் நடுவே தடுப்புச் சுவர் கட்டும். கட்டினால் பங்கிலிருந்து வெளியே வரும் லாரி எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்ப முடியாது. அவளைக் கொன்றது அந்தத் திருப்பம். என் மகள் தங்கள் வீட்டில் தங்கி, அந்த வளைவு வழியாகத்தான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறாள்.

திருத்தங்களை மார்ச் இறுதிக்குள் அனுப்பலாம் என்று தங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கம் சொல்கிறது. இரு வரிகளையும் ஒன்றாக்கி அனுப்பக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் கணவன்


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தானுக்கு,

'அவர்களுக்கு', 'தாங்கள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'வாடா, போடா' என்று கூப்பிட்ட வாய். வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தேன். நீங்கள் திட்டினால்கூடத் தாங்குவேன் அத்தான், மரியாதை கொடுத்தால் தாங்கவில்லை.

போன் போட்டால் எடுப்பதில்லை. காரணம் தெரியும். சாவு வீட்டில் வந்தவர்களிடம், 'விபத்துதானே, யாரைக் குத்தம் சொல்றது' என்றேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது, அது வாயில் வந்தது. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். அப்புறம் வேலையையும் மாற்றிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டீர்கள். செத்தது எனக்கும் அக்காதான் என்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வளைவின் நடுவில் இரண்டு காவல் நிலையங்களின் எல்லை ஓடுகிறது. கிழக்கு நிலையத்து ஏட்டு தொட்டி வளைவு என்று எழுதி அனுப்புகிறார், மேற்கு நிலையத்து ஏட்டு பங்க் வளைவு என்று. தகவல் சொல்கிறவன் என்ன பெயர் சொல்கிறானோ அதுதான் பெயர். இரண்டு பட்டியலும் என் மேசைக்கு வரும், நான் தட்டச்சு செய்வேன். ஒரு சாவைக்கூட மறைக்கவில்லை. நீங்களே கண்டுபிடித்தீர்கள் அல்லவா? ஏழும் புத்தகத்தில் இருக்கின்றன.

பாப்பா நன்றாக இருக்கிறாள். நன்றாக என்றால், சாப்பிடுகிறாள், ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள், வந்து படுத்துக்கொள்கிறாள். உங்கள் தங்கை, அதாவது என் வீட்டுக்காரி, உறவை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, அவளுக்கு ஹெல்மெட்டைத் துடைத்து வாசலிலேயே வைத்துவிடுகிறாள். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போயேன் பாப்பா என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன் மாமா, உங்க புத்தகத்துலதான் அது அபாய இடம் இல்லைன்னு போட்டிருக்கே" என்றாள். கிண்டலா நிஜமா என்று அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அம்மாவின் முகம்தானே அது.

திருத்தம் என்பது நீங்கள் நினைக்கிற மாதிரி லேசான காரியமில்லை அத்தான். என் நாற்காலி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை போனை எடுங்கள்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 1

உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

தொலைபேசியில் தாங்கள் அழுவீர்கள், நான் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுத்தே போதும்.

தாங்கள் மறைக்கவில்லை என்பதை ஏற்கிறேன். மறைப்பவன் ஒரு பிணத்தை ஒளித்துவைப்பான். தாங்கள் ஏழு பிணங்களை இரண்டு அறைகளில் கிடத்தி, எந்த அறையிலும் கூட்டமில்லை என்கிறீர்கள்.

ஐந்தாண்டு அறிக்கைகளையும் வரவழைத்து என் அறையின் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். வேறு சாமான் இல்லாத அறை என்பதால் இடம் போதுமானதாக இருந்தது. அபாய இடங்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றன: ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று, பூஜ்யம். அட்டையில் தாங்கள் போடும் வரைபடம் இதுதான். மொத்த இறப்பு உள்ளே எங்கோ சிறிய எழுத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுகளாக அறுபதைவிட்டு அது நகரவே இல்லை. நகர்ந்தது வேறொன்று. முதலாண்டு அறிக்கையில் இடப்பெயர்கள் இருபத்திரண்டு. இவ்வாண்டு நாற்பது. இடையில் இந்த நகரத்தில் ஒரு புதிய தெருகூடப் போடப்படவில்லை.

சந்தை நாற்சந்தி என்று ஓர் இடம் இருந்தது. ஆண்டுதோறும் எட்டுப் பேர் அங்கே இறந்தார்கள். இப்போது அப்படி ஓர் இடம் இல்லை. சந்தை முன்புறம், சந்தைப் பின்புறம், பழைய சந்தை வாசல் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிலர் இறக்கிறார்கள். மருத்துவமனைச் சாலை, மருத்துவமனை வாசல் என்றும் மருத்துவமனை எதிர்ப்புறம் என்றும் ஆகிவிட்டது. இந்த ஓரத்தில் அடிபட்டு அந்த ஓரத்தில் போய் விழுகிறவனை எந்த வரியில் சேர்ப்பதென்று அலுவலகத்தில் விவாதம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலாண்டில் இரண்டு பெயரோடு இருந்தது நம் வளைவு ஒன்று மட்டும்தான். அது பிழை. இரண்டு ஏட்டுகள், இரண்டு பெயர், யாருக்கும் உள்நோக்கமில்லை. அந்த ஆண்டும் ஏழு பேர் செத்தும் பட்டியலில் வராமல் அது தப்பித்ததை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார். கவனித்தவர் பிழையைத் திருத்தவில்லை. அதனிடம் பாடம் கற்றுக்கொண்டார். மறு ஆண்டிலிருந்து அது முறையாகிவிட்டது.

தாங்கள் சாவு வீட்டில் சொன்ன சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. விபத்து என்பது யாரும் நினையாமல் நேர்வது. ஒரே வளைவில், ஒரே திருப்பத்தில், ஆண்டுதோறும் நேர்வதைத் தாங்கள் வரிவரியாகத் தட்டச்சு செய்துவந்திருக்கிறீர்கள். அதற்கு அந்தச் சொல்லைத் தாங்கள் பயன்படுத்தியிருக்கக் கூடாது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் செருப்பை மாட்டியிருக்கமாட்டேன்.

பாடம் கற்றுக்கொண்டவர் யார்?

இப்படிக்கு,
அக்காளின் கணவன்


மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். டப்பாவிலிருந்து எண்ணெய் இறங்கி ஓர் ஓரம் கறையாகிவிட்டது. மற்றதெல்லாம் தெளிவாகத்தான் படிக்க முடிகிறது, துரதிர்ஷ்டம்.

கற்றுக்கொண்டவர் எங்கள் தலைமைப் பொறியாளர். அலுவலகத்தில் அவருக்குப் பூஜ்யம் என்று பட்டப்பெயர், அட்டைப்படம் அவர் யோசனைதான். பெயர்களைப் பிரித்து அடித்தது என் விரல். இதைத்தானே கேட்டீர்கள். போதுமா?

இனி நடந்ததைக் கேளுங்கள். நேற்று அவர் அறைக்குப் போய், இந்த இரண்டு வரியையும் சேர்த்துவிடலாம் சார் என்று நின்றுகொண்டே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அக்கா செய்து கொடுத்த கண்ணாடியைத்தான் அவர் இன்னமும் போட்டிருக்கிறார், கழற்றித் துடைத்தார்.

"நாலும் மூணும் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதாய்யா? சேத்துப் போட்டா நாம கெட்ட ஊரு. பிரிச்சுப் போட்டா நல்ல ஊரு. செத்தவங்க ரெண்டுலயும் செத்தவங்கதான். உயிரோட இருக்கறவங்க நிம்மதியா இருக்கட்டுமேய்யா" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். நிஜமாகவே எழுந்துவிட்டேன் அத்தான், நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்போது கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்.

"உனக்கு இப்ப என்ன, அந்த இடத்துக்கு ஒரே பேரு வேணும். அவ்வளவுதானே? உங்க அக்கா பேரையே வெச்சுடுவோம். ஊருக்கே கண்ணாடி போட்டுவிட்ட அம்மா. மன்றத்துல தீர்மானம் போட்டு, அரசாணை வாங்கி, நல்ல நீலப் பலகையா வெப்போம். அப்புறம் தொட்டியும் கிடையாது, பங்கும் கிடையாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள் அத்தான். இந்த வருஷத்துத் திருத்தம் இல்லைதான், புத்தகம் மேலே போய்விட்டது, அபாய இடமில்லாத நகரம் என்று பரிசும் அறிவித்துவிட்டார்கள் என்கிறார். ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து ஒரே வளைவு, ஒரே பெயர், ஒரே வரி. நீங்கள் கேட்டது அப்படியே கிடைக்கிறது. அதுவும் அக்கா பெயரில்.

குடும்பத்திலிருந்து ஒருவர் சம்மதம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. கணவர் அல்லது வயது வந்த பிள்ளை. முதல் உரிமை உங்களுடையது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 20

தம்பி,

படிவத்தைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

உன் மேலதிகாரியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். அவர் கெட்டிக்காரர். நீ ஒரு பெயர் வேண்டும் என்று போனாய். அவர் உனக்கு மூன்றாவது பெயரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நீ அதை வாங்கிக்கொண்டு கண் கலங்கியிருக்கிறாய்.

பலகை வைத்தால் தொட்டி இடிந்துவிழப்போவதில்லை. பங்க் மூடப்போவதில்லை. ஊரில் பிறந்தவன் தொட்டி என்றுதான் சொல்வான். லாரிக்காரன் பங்க் என்றுதான் சொல்வான். இரண்டு ஏட்டுகளும் காதில் விழுந்ததை எழுதுவார்கள், அது அவர்கள் வழக்கம் என்று நீயே சொன்னாய். எந்தப் பெயரும் தெரியாத வெளியூர்க்காரன் மட்டும் பலகையை அண்ணாந்து பார்த்து அவள் பெயரைச் சொல்வான். அடுத்த ஆண்டு உன் மேசையில் மூன்று வரிகள் இருக்கும். இரண்டு அறைகளில் கிடத்தியவர்களை மூன்று அறைகளில் கிடத்துவீர்கள். மூன்றாவது அறைக்கு வாடகை வாங்காமல் அவள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய்.

எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. அவள் கடைப் பலகையை எழுதிய பெயிண்டர் அவள் பெயரில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். மறுநாள் அவளே ஏணி வைத்து ஏறி, கட்டைவிரலில் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டுப் புள்ளி வைத்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நீதான். நீ ஆட்டியதில் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பார்வை சரியில்லை என்று வருகிறவர்களைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தி அந்தப் பலகையைப் படிக்கச் சொல்வாள். அந்தப் புள்ளி தெரியாதவனுக்குக் கட்டாயம் கண்ணாடி வேண்டும் என்பாள். நான் அவள் பெயரை எங்கேயும் பார்க்க விரும்பாதவன் அல்ல. எதிர்ப்பக்கம் நின்று வாழ்நாள் முழுதும் படித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஒருவரும் அவள் பெயரில் சாக வேண்டாம். ஒரு ஏட்டு, தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடிக்கும் அவசரத்தில், அவள் பெயரை எழுதி அதற்கு நேரே ஒன்று என்று போட வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டேன். மார்ச் முடிய இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு வரியைச் சேர்த்து ஆணையத்துக்கு அனுப்பு. பட்டியலில் கையொப்பமிடும் அதிகாரி நீதான் என்பது உன் அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. உன் நாற்காலியின் உயரத்தை அங்கே பார்த்துவிட்டேன்.

அத்தான்


ஏப்ரல் 14

அத்தான்,

பலகை வைத்தாகிவிட்டது. பாப்பா கையெழுத்துப் போட்டாள்.

நான் அவளை வற்புறுத்தவில்லை. தலைமைப் பொறியாளரே வீட்டுக்கு வந்தார், படிவத்தை அவளிடம் நேராகக் கொடுத்தார். அவர் போனபிறகு உங்கள் கடிதத்தில் இருந்ததை, மூன்றாவது பெயர் என்று நீங்கள் எழுதியதை, ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்பாவுக்கு எல்லாமே கணக்கு மாமா. போகும்போது அம்மாவோட ஒரு துணியைக்கூட எடுத்துக்கிட்டுப் போகல. பேரையாவது எங்கேயாவது வெச்சுக்கறேன்" என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவளை உங்கள் தங்கைதான் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது, போனது. நான் அனுப்பவில்லை. அதற்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தெரியும், அதனால் நீங்கள் எழுத வேண்டாம், நானே படித்துக்கொண்டேன்.

பலகை நன்றாக இருக்கிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. ரிப்பன் வெட்டினார்கள், பங்க் முதலாளி எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தார். அக்கா கடையில் வேலை பார்த்த பெண் வந்து, எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு அழுதாள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு லாரி பங்கிலிருந்து வெளியே வந்து குறுக்கே திரும்பியது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

நீங்கள் சொல்வதெல்லாம் சரி. எப்போதும் சரியாகத்தான் சொல்வீர்கள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு பாப்பா என்ன செய்வாள்? எனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறீர்களே, அதில் பாதியை அவளுக்கு எழுதுங்கள்.

மைத்துனன்


ஜனவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு உங்களிடமிருந்து எனக்கு ஒரு வரி இல்லை. பாப்பாவுக்கு மாதம் தவறாமல் வருகிறது என்று தெரியும். முதலில் பிரிக்காமல் வைத்திருந்தாள். பிறகு பிரித்தாள். இப்போதெல்லாம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். எனக்கு அது போதும்.

முடிந்த வருஷத்துப் பட்டியல்கள் வந்துவிட்டன. தொட்டி வளைவு, மூன்று. பங்க் வளைவு, மூன்று. மூன்றாவது வரி நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அதில் இரண்டு.

அதைப் போனில்தான் முதலில் கேட்டேன். கிழக்கு நிலையத்து ஏட்டு நல்ல மனிதர், புதிதாக வந்தவர், அந்தப் பெயர் என் அக்காவுடையது என்று அவருக்குத் தெரியாது. அவள் பெயரைச் சொல்லி, "அதுல ரெண்டு சாவு சார், எழுதிக்கிட்டீங்களா?" என்றார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

முதலாவது ஆள் சிமெண்டு ஏற்றி வந்த வண்டியின் கிளீனர், இந்தப் பக்கமே வந்திராதவன். இரண்டாவது, ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ். அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் இந்தக் கடிதம் இத்தனை நாள் தள்ளிப்போனது. பாப்பா உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

அன்று பாப்பா வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். முன்னால் போன ஸ்கூட்டர் அந்தப் பெண்ணுடையது. லாரி குறுக்கே திரும்பியது. பாப்பா வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ் வந்தது. பார்த்தவள் இவள் ஒருத்திதான் என்பதால் ஏட்டு இவளிடம் விவரம் கேட்டு எழுதியிருக்கிறார். எந்த இடம்மா என்று கேட்டிருக்கிறார். தலைக்கு மேலே பலகை. தொட்டி என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, பங்க் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா பெயரைச் சொன்னாள்.

சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். இரண்டு நாள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "மாமா, மூணையும் சேத்து எட்டுன்னு போடுங்க" என்றாள்.

போடப்போகிறேன். இந்தத் தடவை வழி இருக்கிறது அத்தான், அந்த வழியையும் பூஜ்யமே திறந்து வைத்திருக்கிறார். பெயர் வைத்த அரசாணையில் எல்லை குறிப்பிட வேண்டும் என்பதற்காக, 'தண்ணீர்த் தொட்டி முதல் பெட்ரோல் பங்க் வரையிலான வளைவு' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றும் ஓர் இடம்தான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆணையை இணைத்து, பட்டியலை அவர் மேசைக்குக் கொண்டுபோகாமல் நேராக ஆணையத்துக்கு அனுப்பினால் அவர்களால் தள்ள முடியாது. அதன் பிறகு எனக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி இருக்காது. உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். நாற்காலி போனால் போகட்டும், வீட்டில் நாலு இருக்கிறது, அதில் ஒன்றில் உட்காருங்கள் என்றாள்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. தொட்டி வளைவு, பங்க் வளைவு என்பதெல்லாம் ஆட்கள் வாயில் வழங்கும் பெயர்கள். ஆணையில் உள்ள பெயர் ஒன்றுதான். எட்டையும் சேர்த்தால் அந்தப் பெயரில்தான் சேர்க்க முடியும். 'அபாய இடம்' என்று அடித்து, அதற்கு நேரே அக்கா பெயரை அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் விரல் நின்றுவிட்டது.

அவள் பெயரில் ஒருவரும் சாக வேண்டாம் என்று எழுதியவர் நீங்கள். எட்டுப் பேரை எழுத வேண்டும் என்று இப்போது நான் கேட்கிறேன். பாப்பா எழுதச் சொல்கிறாள். நீங்கள் வேண்டாம் என்றால் அனுப்பமாட்டேன். சொல்லுங்கள்.

மைத்துனன்


ஜனவரி 10

தம்பி,

அனுப்பு.

எதற்குச் சம்மதிக்கிறேன் என்று தெரியாமல் சம்மதித்ததாக இருக்கக்கூடாது, ஆகவே எழுதிவைக்கிறேன். அபாய இடங்களின் பட்டியலில் அவள் பெயர் அகரவரிசையில் அச்சாகும். செய்தித்தாள்கள் அதை எடுத்துப் போடும். அவளைத் தெரியாதவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் வேகத்தைக் குறைப்பார்கள். குழந்தைகளிடம் அந்தப் பக்கம் போகாதே என்பார்கள். தடுப்புச் சுவர் கட்டி, தொடர்ந்து மூன்றாண்டுகள் சாவு இல்லாமல் இருந்தால்தான் ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். விதிகளைப் படித்துவிட்டேன்.

அதற்கு முந்தைய ஆண்டின் ஏழையும் அதே ஆணையைக் காட்டித் திருத்தக் கேள். கேட்டுத்தான் ஆகவேண்டும், இரண்டு ஆண்டுகளின் எண்ணிக்கை தெரிந்தால் சுவரை முதலில் கட்டுவார்கள் என்று விதியில் இருக்கிறது. அந்த ஏழில் அவளும் ஒருத்தி. தன் பெயருள்ள இடத்தில் அவள் இறந்ததாக அச்சாகும். அச்சாகட்டும்.

சென்ற மார்ச்சில் நான் வேண்டாம் என்று எழுதியபோது அவள் பெயர் சுத்தமாக இருந்தது. இப்போது அதில் இருவர் இருக்கிறார்கள். ஒருவரை என் மகள் மடியில் கிடத்தியிருந்திருக்கிறாள். அதை உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அவளுடைய கடிதங்களில் ஆய்வுக்கூடத்துத் தண்ணீரின் உப்பளவு இருந்தது, வீட்டு மின்விசிறியின் சத்தம் இருந்தது, இது இல்லை. அவளை நான் அப்படி வளர்த்திருக்கிறேன். மற்ற அறுவரை வேறு பெயர்களில் விட்டுவைத்தால் இந்த இருவர் வீண். எட்டையும் அவள் பெயரில் போடு.

அக்கா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு ஆறுதல் எழுதாதே. அவளைக் கேட்க வழியில்லை. கேட்கக்கூடிய இருவரும் சொல்லிவிட்டோம்.

உன்மீது எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அனுப்பிவிட்டு நீ வீட்டில் உட்காரும் நாட்களில் அது குறையுமா என்று தெரியவில்லை, நேரில் வைத்துக்கொள்வோம். கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு மாலைப் பேருந்தில் வருகிறேன். என்னை அழைத்துவர மகளை நிலையத்துக்கு அனுப்பாதே. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்படுவாள். சுற்றி வா என்றால் கேட்கமாட்டாள். சுவர் இன்னும் கட்டவில்லை. நானே வந்துவிடுகிறேன்.

அத்தான்